அலைனரா, கம்பியா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

வேலூரில் காட்பாடி ரோட்டிலோ ஆற்காடு ரோட்டிலோ ஒரு பல் கிளினிக் ஏறி, "பல்லை நேராக்கணும் டாக்டர்" என்றால் இப்போதெல்லாம் முதலில் மேசைக்கு வருவது கம்பி அல்ல, அலைனர் எனும் நிறமற்ற பிளாஸ்டிக் ட்ரே. கூடவே ஒரு திரையில், உங்கள் பற்கள் அரை நிமிடத்தில் வரிசைக்கு வந்து நிற்கும் படம். ட்ரே நல்ல கருவிதான். ஆனால் அது தோற்கும் இடங்கள் இரண்டு உண்டு. பல் நகர வேண்டிய விதம் ட்ரேக்கு ஒத்துவராதது ஒன்று. அதைப் போட்டிருக்க வேண்டிய மணிநேரம் நம் அன்றாட வழக்கத்துக்கு ஒத்துவராதது இன்னொன்று. இரண்டையும் கிளினிக் போகும் முன்பே வீட்டில் ஓரளவு சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில், ட்ரே என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஸ்கேனில் எடுத்த பல் அச்சைக் கணினியில் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்தி, படிக்கு ஒரு ட்ரே செய்கிறார்கள். ஒரு ட்ரே ஒரு பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. நகர்த்தும். அதற்கு மேல் ஒரே மூச்சில் தள்ள முடியாததற்குக் காரணம், வேருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வின் அகலமே 0.2 மி.மீ. சொச்சம்தான். அந்தச் சவ்வு அமுங்கும் பக்கம் எலும்பு மெல்லக் கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. அழுத்தம் விடாமல் இருந்தால்தான் இது நடக்கும். கழற்றி வைத்த நேரமெல்லாம் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும், ஒரு ட்ரேயை 7 முதல் 14 நாள் வரை வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். இன்விசலைன் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த அலைன் டெக்னாலஜி 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. இன்று இந்தியத் தயாரிப்புகளும் நிறைய வந்துவிட்டன. பிராண்ட் மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

கண்ணாடி முன் பத்து நிமிடம்

நல்ல வெளிச்சத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலுடன் கண்ணாடி முன் நில்லுங்கள். எச்சிலை ஒருமுறை விழுங்கி, கடைவாய்ப் பற்கள் இயல்பாகச் சேரும்படி கடியுங்கள். தாடையை முன்னே தள்ளி அழகாகக் கடிக்கக் கூடாது. நிறையப் பேர் தெரியாமலே அப்படிச் செய்வார்கள்.

மேல் முன்பல் கீழ் முன்பல்லை எவ்வளவு மூடுகிறது? 2, 3 மி.மீ., அதாவது கீழ்ப்பல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மூடினால் சரி. கீழ்ப்பல்லே தெரியாத அளவு மூடினால் அது ஆழக்கடி. அலைனரால் ஆழக்கடியைக் குறைக்க முடியும் என்றாலும் மெதுவாகத்தான் நடக்கும், பாதியில் நிற்கவும் கூடும். அடுத்து ஸ்கேலைப் படுக்கையாக வைத்து, கீழ்ப்பல்லின் முகத்திலிருந்து மேல்பல்லின் நுனிவரை முன்பின் இடைவெளியை அளங்கள். இதுவும் 2, 3 மி.மீ. இருக்கலாம். 6 மி.மீ. தாண்டினால், பல் மட்டும் முன்னே வந்திருக்கிறதா, தாடையே அப்படி அமைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. கடித்தபோது முன்பற்கள் சேரவே இல்லையா, கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் நிற்கிறதா? இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பேசும்போதும் விழுங்கும்போதும் நாக்கு அந்த இடைவெளிக்குள் வந்து தள்ளும் பழக்கம் இருந்தால், அதை நிறுத்தாமல் எந்தக் கருவி போட்டும் பலனில்லை.

இனி முக்கியமான கேள்வி. உங்களுடையது தெத்துப்பல்லா, எத்துப்பல்லா? வரிசையில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது ஒரு பிரச்சினை. வரிசை நேராகவே இருந்து, மேலும் கீழும் முழு முன்வரிசையும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்பது வேறு பிரச்சினை. நம் ஊர்களில் இரண்டாவது மிகச் சாதாரணம். உதட்டைத் தளர விட்டுப் பாருங்கள். வாயை மூட முகவாய்த் தசையைச் சுருக்க வேண்டியிருந்தால், முகவாயில் குழி குழியாக விழுந்தால், நீங்கள் இரண்டாவது வகை.

தெத்துப்பல் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், அதாவது மொத்த இடக்குறைவு 5, 6 மி.மீ.க்குள் இருந்தால், அலைனர் நன்றாகவே வேலை செய்யும். ஒரு கோரைப்பல்லின் அகலம் 7, 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, அது வரிசைக்கு வெளியே பாதி நிற்கிறதா முழுசாக நிற்கிறதா என்று பார்த்தால் உங்களுக்கே ஒரு மதிப்பு கிடைத்துவிடும். முன்பற்களுக்கிடையே சந்து இருப்பவர்களுக்கும், சின்ன வயதில் கம்பி போட்டு, நேரான பல்லைப் பிடித்து வைக்கும் ரீட்டெய்னரை விட்டதால் பல் மறுபடி கோணியவர்களுக்கும் அலைனர்தான் என் முதல் தேர்வு. இவர்களுக்குக் கம்பி போடுவது தேவைக்கு மேற்பட்ட வேலை.

எத்துப்பல்லுக்கு வழக்கமான வழி வேறு. நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, பக்கத்துக்கு 7 மி.மீ. அளவில் கிடைக்கும் இடத்துக்குள் முன்வரிசை முழுவதையும் வேரோடு பின்னுக்கு இழுக்க வேண்டும். இங்கேதான் ட்ரே தடுமாறும். அது பிடிப்பது பல்லின் வெளித்தெரியும் தலைப்பகுதியை மட்டுமே. தலை உள்ளே சாய்ந்துவிடும், வேர் அங்கேயே நிற்கும். பின்னாலுள்ள கடைவாய்ப்பல்லும் எடுத்த பல்லின் பள்ளத்துக்குள் சரியும். தேர்ந்த மருத்துவர் அலைனரிலேயே இதைச் சாதிக்கலாம். ஆனால் கம்பியும், தேவைப்பட்டால் எலும்பில் போடும் மினி ஸ்க்ரூவும் சேர்ந்தால் கிடைக்கும் உறுதி இதில் கிடையாது. பல் எடுக்க மனமில்லை என்பதற்காக, "எடுக்காமலே அலைனரில் நேராக்கிவிடலாம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். இடமில்லாத வரிசையை விரித்து நேராக்கினால் பல் நேராகும், உதடு இன்னும் கொஞ்சம் முன்னே வரும். உதட்டைச் சரிசெய்யப் போனவருக்கு அதைவிட என்ன ஏமாற்றம் வேண்டும்?

நன்றாகத் திரும்பி நிற்கும் கோரைப்பல்லும் முன்கடைவாய்ப்பல்லும் ட்ரேக்குச் சவால். அவை உருண்டையானவை, ட்ரே பிடிக்க முடியாமல் வழுக்கும். ஈறுக்குள் புதைந்த பல்லைக் கீழிறக்குவது, உயரக் குறைவாக நிற்கும் பல்லை இழுத்து நீட்டுவது, இவையும் கம்பிக்கு எளிது, ட்ரேக்குக் கடினம். தாடை எலும்பே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர்ந்திருந்தால், வளர்ச்சி முடிந்த பிறகு அறுவைச் சிகிச்சையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. தாடை வளர்ச்சியையே திருத்தும் கருவிகளுக்கு அதுதான் வயது. அதை அலைனர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டே கடத்திவிடக் கூடாது.

22 மணி நேரம் உங்கள் வீட்டில் நடக்குமா?

24இல் 22 போனால் மிச்சம் 2 மணி, அதாவது 120 நிமிடம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத் தலா 25 என்றால் 75. காலை, இரவு பல் துலக்க 10. காலை ஒரு காபி, சாயங்காலம் ஒரு டீ, தலா 10 நிமிடம் என்றால் 20. மொத்தம் 105. சாப்பிட்டபின் வாய் கொப்பளித்து ட்ரேயைக் கழுவ மிச்சம் 15 நிமிடம். இவ்வளவுதான் உங்கள் கையிருப்பு. ட்ரே போட்டிருக்கும்போது தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. சர்க்கரை போட்ட டீ ட்ரேக்கும் பல்லுக்கும் நடுவே தேங்கினால், எச்சில் வந்து கழுவ வழியில்லாமல் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். சொத்தைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

பணம் கட்டும் முன் மூன்று நாள் ஒரு சோதனை செய்யுங்கள். வாய்க்குள் தண்ணீர் தவிர எது போனாலும், ஒரு முறுக்குத் துண்டானாலும், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று மொபைலில் குறியுங்கள். அந்த மூன்று நாளில் ஒரு ஞாயிறு வரட்டும். வார நாளில் ஒழுங்காக இருப்பவர்கள் ஞாயிறன்று ஆம்பூர் பிரியாணி முன் ஒன்றரை மணி நேரம் உட்காருவார்கள். நாளுக்கு 150 நிமிடம் வரை வந்தால் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். 4 மணி நேரம் தாண்டினால், ஆபீஸில் அரை மணிக்கொரு டீ என்றால், வெற்றிலை பாக்கை விட முடியாது என்றால், கம்பி போடுங்கள். அதைக் கழற்ற முடியாது. கழற்ற முடியாததுதான் அதன் பலம்.

ரம்ஜான் மாதத்தில் பகல் எளிது, சிக்கல் இரவில். மேல்விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் நோன்பு துறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு வரை விட்டு விட்டுச் சாப்பிடுவது வழக்கம். அதை இரண்டு, மூன்று தடவையாகக் குறுக்கிக்கொண்டால் கணக்கு நிற்கும். பகலில் வாய் உலர்வதால் சஹருக்குப் பின் பல் துலக்காமல் ட்ரே போடவே கூடாது. முடியாது என்று தோன்றினால் அந்த மாதம் ஒரே ட்ரேயை இரட்டை நாள் வைத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேலையிடத்தையும் யோசியுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத் தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிகளில் பசையும் ரசாயனமும் கையிலிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவ இடமில்லாமல் அந்தக் கையை வாய்க்குள் விட முடியாது. பேசிப் பிழைப்பவர்களுக்கு, ஆசிரியர், வழக்கறிஞர், கால் சென்டர் ஊழியருக்கு, முதல் சில நாள் "ச" ஒலி கொஞ்சம் குழறும்; சத்தமாகப் படித்துப் பழகினால் ஒரு வாரத்தில் சரியாகும். கபடி ஆடுகிறவர்கள், நாதஸ்வரம் வாசிக்கிறவர்கள் ஆகியோருக்குக் கம்பியைவிட அலைனர் பல மடங்கு வசதி.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு காட்பாடி ஜங்ஷன் வழியாக வாரக்கடைசியில் வீடு வருபவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. கம்பிக்கு மாதம் ஒருமுறை நாற்காலியில் உட்கார வேண்டும். அலைனருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பெரும்பாலும் போதும். ஆனால் கடைசி வருடப் படிப்பிலிருக்கும் மாணவர்கள் படிப்பு முடியும் தேதிக்கு எதிராக மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் மருத்துவரை மாற்றினால் புதியவர் புது ஸ்கேன், புதுத் திட்டம், புதுக் கட்டணம் என்றுதான் ஆரம்பிப்பார். மூன்று மாதத்தில் கல்யாணம் என்று வருபவர்களுக்கும் இதே பதில்: மூன்று மாதத்தில் லேசான சந்து வேண்டுமானால் மூடும், மற்றவை நடக்காது.

பல்லைவிட ஈறு முக்கியம்

பிரஷ்ஷில் ரத்தம் வந்தால் அலைனரும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். முதலில் ஈறு சிகிச்சை. வீங்கிய ஈறில் பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். மருத்துவர் அளவுகோல் போட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் குத்தி அளக்க வேண்டும், 4 மி.மீ.க்கு மேல் ஆழமும் ரத்தக்கசிவும் இருந்தால் அதை ஆற்றிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நாற்பது வயதுக்கு மேல், முன்பு ஒட்டியிருந்த மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிய ஆரம்பித்தால், அது அழகுப் பிரச்சினை அல்ல. ஈறு நோயால் எலும்பு இறங்கியதன் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சமீபத்திய ஹெச்பிஏ1சி அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி என்று எடுப்பவர்கள் அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுப்பவை. பல் நகர்வதோ எலும்பு கரைந்தால்தான். பல் எடுத்தால் தாடைப் புண் ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு. செயற்கைப் பல் வேர், அதாவது இம்ப்ளான்ட், நகரவே நகராது. பிரிட்ஜ் போட்டுப் பிணைத்த பற்களைத் தனித்தனியாக நகர்த்த முடியாது. வேர் சிகிச்சை செய்த பல் நகரும், ஆனால் கேப் போட்ட பல்லில் அட்டாச்மென்ட் ஒட்டுவது சிரமம்.

அட்டாச்மென்ட் என்றால் பல்லின் முகத்தில் பல்நிறப் பசையால் ஒட்டும் அரிசி அளவு மேடு. ட்ரே பிடித்துத் தள்ளுவது இதைத்தான். இது இருப்பதால் அலைனர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாதது என்ற பேச்சைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி இடங்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளை, பழுப்புப் பட்டைகள் இருக்கும். அந்த எனாமலில் பசை சரியாகப் பிடிக்காது, மேடு அடிக்கடி உதிரும். எனாமலைக் கூடுதலாகத் தயார்செய்து ஒட்டத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

யாரிடம் போவது

பி.டி.எஸ். முடித்து, மேலும் மூன்று வருடம் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவர்தான் பல் சீரமைப்பு நிபுணர். போர்டில் "அலைனர் சான்றிதழ் பெற்றவர்" என்றிருப்பது கம்பெனி நடத்திய வகுப்பாக இருக்கலாம்; அது பட்டம் அல்ல. பதிவு எண்ணைத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். இன்னொரு அளவுகோல் எனக்கு இதைவிட முக்கியம்: அவர் கம்பியும் போடுகிறாரா? கம்பி போடத் தெரியாதவர் எல்லோருக்கும் அலைனரையே சொல்வார், வேறு வழியில்லை. சிக்கலான கேஸ் என்றால், பணம் கட்டும் முன் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவிலோ, சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலோ இரண்டாவது கருத்து கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுக்க வேண்டியவை: எல்லாப் பல்லையும் வேரோடு காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, முகத்தைப் பக்கவாட்டில் காட்டும் செபலோகிராம், வாய்க்குள்ளும் முகத்துக்குமான போட்டோக்கள், பல் ஸ்கேன். எக்ஸ்ரே இல்லாமல் ஸ்கேன் மட்டும் எடுத்து ட்ரே ஆர்டர் செய்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். வேர் எப்படி இருக்கிறது, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் நகர்த்துவது குருட்டு வேலை. வீட்டுக்கே கிட் அனுப்பி, மருத்துவர் முகத்தையே பார்க்காமல் முடிக்கும் முறைக்கும் இதுவே பதில். இந்த முறையில் அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

திரையில் காட்டும் படத்தைப் படிப்பது

அந்த அனிமேஷன் ஒரு திட்டம். வாக்குறுதி அல்ல. இன்விசலைன் ட்ரேகளை வைத்து 2009இல் வெளியான ஒரு ஆய்வில், திரையில் காட்டிய நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்திருந்தது. 2020இல் வெளியான தொடர் ஆய்வில் அது 50 சதவீதமாக உயர்ந்திருந்தது. முதல் செட் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கூடுதல் ட்ரே செய்யும் ரிஃபைன்மென்ட் அதனால்தான் விதிவிலக்கு அல்ல, வழக்கம். "20 ட்ரே, பத்து நாளுக்கு ஒன்று, 200 நாளில் முடியும்" என்றால் அதோடு இன்னும் சில மாதம் சேர்த்தே மனதில் வையுங்கள்.

படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொல்லி, இவற்றைக் கேளுங்கள். இடம் எங்கிருந்து வருகிறது? பற்களுக்கிடையே எனாமலை உராய்த்தா, வரிசையை விரித்தா, முன்னே தள்ளியா, பல் எடுத்தா? உராய்த்தல் என்றால் எந்தெந்தச் சந்தில் எவ்வளவு? ஒரு சந்துக்கு 0.5 மி.மீ. என்பது மேல்வரம்பு. ஆறு முன்பற்களுக்கு நடுவே ஐந்து சந்து, ஆக அதிகபட்சம் 2.5 மி.மீ. கிடைக்கும். கீழ் முன்பல் எனாமல் மெல்லியது, அங்கே இன்னும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். 6 மி.மீ. இடக்குறைவை உராய்த்தே தீர்ப்பதாக ஒருவர் சொன்னால், கணக்கு உதைக்கிறது. உராய்த்தால் பல் கூசுமோ, சொத்தையாகுமோ என்ற பயம் இந்த வரம்புக்குள் தேவையில்லை.

முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முன்வரிசை பழைய இடத்தைவிட முன்னே போயிருந்தால் உங்கள் உதடும் அந்தப் பக்கம்தான் போகும். கடைவாய்ப் பற்கள் கடைசியில் நன்றாகச் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். முன்பல்லை மட்டும் அழகாக்கி, கடியைக் கோட்டைவிட்ட திட்டங்கள் உண்டு. அதோடு, நெருக்கமாக ஏறியிருந்த கீழ்ப்பற்கள் நேரானதும் ஈறோரம் சிறு கருப்பு முக்கோணச் சந்துகள் தெரியலாம். அது சிகிச்சையின் தவறு அல்ல, முன்பே மறைந்திருந்த இடம் வெளிப்படுவது. ஆனாலும் அதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

கட்டணம்

அலைனர் பொதுவாக உலோகக் கம்பியைவிடச் சில மடங்கு விலை. பிராண்டைப் பொறுத்து லட்சம் தாண்டும். தொகையைவிட அதற்குள் என்ன அடக்கம் என்பதுதான் கேள்வி. ரிஃபைன்மென்ட் எத்தனை தடவை, எத்தனை வருடத்துக்குள்? தொலைந்த ட்ரேக்கு என்ன விலை? முடிவில் ரீட்டெய்னர் சேர்த்தியா? அலைனரில் முடியாமல் கம்பிக்கு மாற வேண்டி வந்தால் கூடுதல் கட்டணம் யார் தலையில்? நான்கையும் எழுதி வாங்குங்கள். தவணை என்றால், கையெழுத்து யாருக்குப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். அது ஃபைனான்ஸ் கம்பெனிக் கடனாக இருந்தால், சிகிச்சை நின்றாலும் தவணை நிற்காது.

போட ஆரம்பித்த பின் எங்கே சறுக்கும்

ட்ரே மாற்றிய முதல் இரண்டு நாள் வலி சகஜம். புது ட்ரேயை இரவு படுக்கப் போகும்போது மாற்றினால் பாதி வலி தூக்கத்திலேயே போய்விடும். போட்டதும் சூயி என்ற ரப்பர் உருளையை முன்னும் பின்னுமாக ஐந்து நிமிடம் கடியுங்கள், ட்ரே முழுசாக உட்காரும். பிறகு கண்ணாடியில் பல் நுனிக்கும் ட்ரேக்கும் நடுவே பாருங்கள். காற்றிடைவெளி 1 மி.மீ. அளவுக்குத் தெரிந்து, இரண்டு மூன்று நாள் சூயி கடித்தும் மூடாவிட்டால் பல் பின்தங்கிவிட்டது என்று பொருள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, நாள் கணக்குப்படி அடுத்த ட்ரேக்குத் தாவுவது. பின்தங்கிய பல்மேல் அடுத்த படியை ஏற்றினால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதே ட்ரேயை இன்னொரு வாரம் போடுங்கள். அப்போதும் உட்காரவில்லை என்றால் முந்தைய ட்ரேக்குத் திரும்பி, கிளினிக்குக்கு போட்டோ அனுப்புங்கள்.

மேட்டுப் பசை உதிர்ந்தால் உடனே சொல்லுங்கள், குறிப்பாகக் கோரைப்பல்லில். ட்ரேயைக் கழற்றும்போது உள்பக்கம் கடைவாயிலிருந்து விடுவிக்க வேண்டும். முன்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தால் மேடும் போகும், ட்ரேயும் கீறும். நீண்ட நாள் போட்ட பிறகு கடைவாய்ப் பற்கள் சேராமல் லேசாக இடைவெளி விடுவதும் நடக்கும். மேலும் கீழும் பிளாஸ்டிக் கனத்தைக் கடித்துக்கொண்டே இருப்பதால் அவை சற்று அமுங்குவதுதான் காரணம். பெரும்பாலும் பின்னால் சரியாகும், ஆனால் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும்.

வேலூர் வெயில் ட்ரேக்கு எதிரி. மே மாதம் வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ ஸ்கூட்டர் டிக்கியிலோ விட்டால் ட்ரே நெளிந்துவிடும். பார்வைக்குத் தெரியாத நெளிவே போதும், பல்லில் உட்காராது. வெந்நீரில் கழுவுவதும் அதேதான். சாதாரணத் தண்ணீர், மெல்லிய பிரஷ், ஒரு சொட்டு சோப்பு போதும். டூத்பேஸ்ட் போட்டால் கீறி மங்கும். ட்ரே தொலையும் இடம் கல்யாணப் பந்தி. டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைப்பார்கள், சாப்பிட்டு இலையை மடித்ததும் அது இலையோடு போய்விடும். டப்பாவைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ட்ரேயைக் கழற்றாதீர்கள். ஒரு ட்ரே முடிந்ததும் தூக்கிப் போடாமல் முந்தையதையும் எப்போதும் வைத்திருங்கள். நடப்பு ட்ரே தொலைந்தால், மருத்துவர் அடுத்ததற்குப் போகச் சொல்லும் வரை பழையது பல்லைப் பிடித்து வைத்திருக்கும்.

முடிந்த பின்

நகர்ந்த பல்லைச் சுற்றிய எலும்பும் ஈறு நாரும் பழகப் பல மாதம் ஆகும். நார்கள் நீண்ட காலம் பல்லைப் பழைய பக்கமே இழுக்கும், திரும்பியிருந்த பல்லை இன்னும் அதிகமாக. முதல் சில மாதம் ரீட்டெய்னரை முழு நேரமும், பிறகு இரவில் மட்டும் போட வேண்டும். இரவுப் பழக்கத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. கீழ் முன்பற்களின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டிக்கொள்வதும் நல்லது. அங்கே காரை சேரும், ஆறு மாதத்துக்கொருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் ரீட்டெய்னர் ஓரிரு வருடத்தில் விரிசல் விடும்.

கடைசி ஸ்கேனின் எஸ்டிஎல் கோப்பை, அதாவது பல் வரிசையின் முப்பரிமாணக் கோப்பை, கிளினிக்கிலிருந்து கேட்டு வாங்கி, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலை, படிப்பு என்று எந்த ஊரில் இருந்தாலும் ரீட்டெய்னர் உடைந்தால், அதைக் கொண்டே அங்கே புதிது செய்துவிடலாம். ஆனால் ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டால் பல் நகர்ந்திருக்கும், அந்தக் கோப்பில் செய்த ரீட்டெய்னர் உட்காராது, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டிவரும்.